விலக்கு என்ற சொல்லைத் தேர்ந்த விதம்

நீங்கள் கொடுத்த நாற்காலியில் ஒரு கால் குட்டை. குறை சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அலுவலக நாற்காலிகளில் பத்துக்கு மூன்று இப்படித்தான் இருக்கும். நீங்கள் எழுத வெள்ளைத்தாள் கட்டு ஒன்றை வைத்துவிட்டுப் போனதும் ஒரு தாளை எட்டாக மடித்துக் காலுக்கு அடியில் செருகினேன். இப்போது வேறு பக்கம் ஆடுகிறது. எனக்கு ஏழு வாரமாக எந்த நாற்காலியும் ஒத்துவரவில்லை. ஆகவே குற்றம் நாற்காலியுடையதாக இல்லாமலும் இருக்கலாம்.

விசாரணை அதிகாரி என்ற முறையில் நீங்கள் கேட்டது ஒரு தொழில்நுட்ப விளக்கம். மருத்துவமனைக் கணினித் திரையில் அந்த ஒரு கட்டம் ஏன் வெறுமையாகக் கிடந்தது, அதற்கு என் மைத்துனன் எழுதிய நிரல் எந்த அளவு பொறுப்பு என்று இரண்டு பக்கத்துக்குள் எழுதித் தரச் சொன்னீர்கள். அவன் என் மனைவியின் தம்பி என்பது உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் என்னைக் கூப்பிட்டதற்குக் காரணம், அந்தத் தரவுத்தள மொழியின் இலக்கணத்தை என்னைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இல்லை என்று யாரோ உங்களிடம் சொன்னதுதான். சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு பக்கத்தில் அடங்காது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒரு மருத்துவமனையோ நூலகமோ தன் விவரங்களை அட்டவணைகளாகக் கணினியில் வைத்திருக்கிறது. அந்த அட்டவணைகளிடம் கேள்வி கேட்க ஒரு மொழி இருக்கிறது. அந்த மொழிக்கென்று சில சொற்கள் உண்டு: கொடு, எங்கே, வரிசைப்படுத்து, தவிர. மூலத்தில் அவை வேறு எழுத்தில் இருப்பவை. இங்கே பொருளைத் தமிழில் எழுதுகிறேன். இவற்றை ஒதுக்கிய சொற்கள் என்போம். மொழி தனக்கென்று ஒதுக்கிக்கொண்ட சொல்லை வேறு யாரும் தங்கள் அட்டவணையில் ஒரு நெடுவரிசைக்குப் பெயராக வைக்கக் கூடாது. வைத்தால் மொழி குழம்பும், கேள்வி அப்படியே விழுந்துவிடும்.

மொழி வளர வளரப் புதுச் சொல் தேவைப்படும். வம்பே அங்கேதான். நாங்கள் இன்று ஒதுக்குகிற சொல்லை யாரோ ஒருவர் பத்து வருடத்துக்கு முன்பே தன் அட்டவணையில் பெயராக வைத்திருப்பார். புதிய பதிப்பு போய்ச் சேர்ந்த அன்று, அவர் எதையும் தொடாமலேயே அவருடைய கேள்வி நின்றுபோகும். அவருக்குக் காரணமும் புரியாது. மனிதர்கள் பெயர் வைக்கிற அழகைப் பார்த்தால் நீங்கள் சிரிப்பீர்கள். ஒரு அட்டவணையில் தேதி, சரியான தேதி, உண்மையிலேயே சரியான தேதி என்று மூன்று நெடுவரிசைகள் பார்த்தேன். ஒருவர் தன் நாயின் பெயரை வைத்திருந்தார். அந்த நாய்க்காக நான் ஒரு சொல்லையே கைவிட்டிருக்கிறேன், நம்புங்கள்.

எப்படித் தெரிந்தது என்றால், எங்களிடம் ஒரு சேகரிப்பு இருக்கிறது. வாடிக்கையாளர்கள் தாங்கள் அன்றாடம் கேட்கிற கேள்விகளை எங்களுக்குப் பிரதி எடுத்துத் தருவார்கள். நாற்பத்தோராயிரம் கேள்விகள். ஒரு புதுச் சொல்லை ஒதுக்குவதற்கு முன் சேகரிப்பு முழுவதிலும் அதைத் தேடுவோம். எத்தனை இடம் அடிபடுகிறது என்று ஒரு எண் வரும். அடிபடுகிறவர்களை நானே தொலைபேசியில் கூப்பிட்டு, இன்ன வரியில் இன்ன சொல் இருக்கிறது, மாற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்வேன். விதியில் அப்படி எதுவும் இல்லை. விதிப்படி, அடுத்த பதிப்பில் என்னென்ன மாறும் என்று வெளியிடும் மாற்றக் குறிப்பில் தொண்ணூறு நாள் முன்னதாக ஒரு வரி போட்டால் போதும். அதை யார் படிக்கிறார்கள்? பத்தொன்பது வருடமாக நானாக ஏற்படுத்திக்கொண்ட வழக்கம் அது. ஜனங்கள் தங்கள் கேள்விகளை நம்பி எங்களிடம் கொடுத்தது அதனால்தான்.

என் மைத்துனனும் கொடுத்தான். நான் கேட்டுத்தான் கொடுத்தான்.

அவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். நல்லவன். நான் சொல்வதால் மட்டுமல்ல, எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். அவன் ஒரு அறைக்குள் வந்தால் அறையில் இருப்பவர்கள் சற்று நிமிர்ந்து உட்காருவார்கள், இனிமேல்தான் பேச்சு களைகட்டும் என்பதுபோல. ஞாயிறுதோறும் மதியம் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. எங்கள் திருமணத்தன்றே எனக்கு ஒரு பட்டப்பெயர் வைத்தான்: அகராதி. சொற்களோடு வேலை செய்கிறவர் என்பதால் அந்தப் பெயராம். அகராதி பிடித்தவன் என்று யாரை எதற்குச் சொல்வார்கள் என்பது அவனுக்குத் தெரியாததல்ல. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். என் மகள் பேசக் கற்றபோது அப்பா என்பதற்கு அடுத்து அவள் கற்ற சொற்களில் அதுவும் ஒன்று.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு ஞாயிறு. நான் ஒரு சொல்லுக்காக எட்டு மாதம் உழைத்து முடித்திருந்தேன். அதைப் பெருமையாகச் சொல்லவில்லை, தண்ணீர் ஊற்றிக்கொண்டே சும்மா சொன்னேன். அவன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தான்.

"எட்டு மாசமா? ஒரு வார்த்தைக்கா? அக்கா, பத்து மாசத்துல நீ ஒரு பிள்ளையையே பெத்துட்டே. பேரும் வச்சுட்டோம்."

என் மனைவி சிரித்தாள். சாதாரணச் சிரிப்பு அல்ல. மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, மூச்சு வாங்கச் சிரித்தாள். பதினாறு வருடத்தில் நான் சொன்ன எதற்கும் அவள் அப்படிச் சிரித்ததில்லை. நான் கால் ஆட்டிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. சிரிப்பு அடங்கியதும், "காலை ஆட்டாதீங்க, மேசை ஆடுது" என்றாள்.

நான் கோபக்காரன் அல்ல. அதையும் குறித்துக்கொள்ளுங்கள். அன்று மாலை அவனை வாசல்வரை போய் வழியனுப்பினேன்.

சென்ற வருடம் மொழியில் ஒரு புது வசதி சேர்க்க முடிவாயிற்று. ஒரு அட்டவணையில் நூறு நெடுவரிசைகள் இருக்கின்றன, இரண்டை மட்டும் விட்டுவிட்டு மீதி எல்லாவற்றையும் கொடு என்று கேட்க ஒரு வழி. அதற்கு ஒரு சொல் வேண்டும். எல்லோரும் எதிர்பார்த்தது, தவிர என்ற சொல்லைத்தான். அது ஏற்கெனவே மொழியில் ஒதுக்கிய சொல், ஆகவே புதிதாக யாரும் அடிபட மாட்டார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. தவிர என்பது வேறொரு வேலைக்காக இருக்கிறது. ஒரு சொல்லுக்கு இரண்டு வேலை கொடுத்தால் படிக்கிறவர் திணறுவார் என்று நான்கு பக்கம் எழுதினேன். நல்ல வாதம். இன்றைக்கும் அதில் ஒரு வரியை மாற்ற மாட்டேன்.

பிறகு சேகரிப்பில் தேடினேன். ஒதுக்கு என்பதற்கு முப்பத்திரண்டு இடம். நீக்கு என்பது ஏற்கெனவே எடுத்தாயிற்று. விலக்கு என்பதற்கு ஒரே ஒரு இடம்.

அந்த ஒரு இடத்தைத் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு கேள்விக்கும் மேலே தனக்காக ஒரு குறிப்பு எழுதி வைப்பது என் மைத்துனனின் பழக்கம். இதிலும் எழுதியிருந்தான்: "அத்தான் பார்த்தால் பெயர் சரியில்லை என்பார்." கீழே அவன் மருத்துவமனைக்காக எழுதிய கேள்வி. ஒரு நோயாளிக்கு எந்தெந்த மருந்து ஆகாதோ அவற்றை வைத்திருக்கும் நெடுவரிசைக்கு அவன் விலக்கு என்று பெயர் வைத்திருந்தான். பெயர் சரியாகவே இருந்தது.

இனி நீங்கள் கேட்ட கட்டத்துக்கு வருகிறேன். நர்ஸ் ஒரு நோயாளியின் எண்ணைத் தட்டினால் திரையின் மேல்பக்கம் சிவப்பு எழுத்தில் ஆகாத மருந்துகள் வரும். எதுவும் இல்லாவிட்டால் கட்டம் வெறுமையாக இருக்கும். ஆரம்பத்தில் கணினி மெதுவாக ஓடியபோதெல்லாம் பிழை என்று ஒரு அறிவிப்பு வந்து திரையை மறித்துக்கொண்டது. வேலை ஓட மாட்டேன் என்கிறது என்று தலைமை நர்ஸ் கத்தியதால், கேள்வி பதில் தராவிட்டால் கட்டத்தை வெறுமையாகவே காட்டிவிடு என்று என் மைத்துனன் மாற்றினான். அதாவது, ஆகாத மருந்து எதுவும் இல்லை என்பதும், கேள்வியே விழுந்துவிட்டது என்பதும் திரையில் ஒன்றுபோலத்தான் தெரியும். இதை அவனே ஒரு ஞாயிறு என்னிடம் சொன்னான்.

"அது தப்பு. மாத்திடு," என்றேன்.

"கேள்வி எதுக்கு அத்தான் விழப்போகுது? உங்க மொழிதானே," என்றான்.

இதை நீங்கள் அவனுக்கு எதிராக எடுத்துக்கொள்ளலாம். எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். நான் அதைச் சொல்ல வந்தது வேறு காரணத்துக்காக. கேள்வி விழுந்தால் என்ன ஆகும் என்பதை அவன் வாயாலேயே நான் கேட்டிருந்தேன்.

இப்போது எழுந்து போய் ஜன்னல் கொக்கி சரியாக மாட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன். மாட்டித்தான் இருக்கிறது. போன பக்கத்தை எழுதும்போதும் பார்த்தேன்.

குழுவில் நாங்கள் ஐந்து பேர். சோதனைப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் அம்மா ஒருவர் இருக்கிறார், எதையும் ஒன்றுக்கு இரண்டு தடவை கேட்பவர். அவர்தான் எண்ணைப் பார்த்தார்.

"ஒரு இடம் அடிபடுதே. யாரு அது?"

"ஒரு மருத்துவமனை. நான் கூப்பிட்டுச் சொல்லிடறேன்."

"மருத்துவமனையா? சொல்லிடுவீங்கல்ல?"

"சொல்லாம இருந்திருக்கேனா?"

அவர் தலையாட்டினார். பத்தொன்பது வருடத்தில் சொல்லாமல் இருந்ததில்லை. பதிவேட்டில் தெரிவிக்கப்பட்டது என்ற கட்டத்தில் அன்றே டிக் போட்டேன். கூட்டம் முடிய இன்னும் நேரம் இருந்ததால் அடுத்த விஷயத்துக்குப் போனோம்.

மாற்றக் குறிப்பு வெளியானது. பதினான்காவது வரி: விலக்கு இனி ஒதுக்கிய சொல். தொண்ணூறு நாள் அவகாசம். விதிப்படி எல்லாம் நடந்தது, நீங்கள் சரிபார்க்கலாம். தொண்ணூறு நாளில் பதின்மூன்று ஞாயிறுகள். பதின்மூன்று முறையும் அவன் எனக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டான். நான் அவனுக்கு எந்தத் தீங்கும் நினைக்கவில்லை. நான் எதிர்பார்த்தது, புதுப் பதிப்பு வந்ததும் அவனுடைய வேலை நின்றுபோகும், அவன் அலறியடித்துக்கொண்டு என்னிடம் ஓடிவருவான், அத்தான் காப்பாத்துங்க என்பான், என் மனைவியும் மகளும் அதைப் பார்ப்பார்கள் என்பதுதான். ஐந்து நிமிடத்தில் சரிசெய்து கொடுத்திருப்பேன். ஒரு சொல்லுக்கு எட்டு மாதம் ஏன் ஆகிறது என்பது அன்றைக்கு அவர்களுக்குப் புரிந்திருக்கும்.

வேலை நிற்காது என்பதும், ஒரு கட்டம் மட்டும் சத்தமில்லாமல் வெறுமையாகும் என்பதும் எனக்குத் தெரியும் என்று மேலே எழுதியிருக்கிறேன். இரண்டையும் சேர்த்துப் படித்தால் பொருந்தவில்லை. எனக்கும் பொருந்தவில்லை. ஆனால் அப்போது இரண்டையும் நான் சேர்த்துப் படிக்கவில்லை.

ஒன்பதாவது ஞாயிறு என்று நினைக்கிறேன். அவன் கை கழுவிக்கொண்டே கேட்டான். "புதுப் பதிப்புல என்ன அத்தான் இருக்கு? நான் ஏதாவது பார்க்கணுமா?"

"வழக்கமானதுதான்," என்றேன்.

"அப்ப சரி," என்றான். துண்டை எடுத்துக் கொடுத்தேன்.

புதுப் பதிப்பு ஒரு செவ்வாய்க்கிழமை மருத்துவமனைக்குப் போனது. அன்று மதிய இடைவேளையில் நடந்து போய் அங்கே காத்திருப்பு அறையில் உட்கார்ந்தேன். அலுவலகத்திலிருந்து இருபது நிமிட நடை. எல்லாம் எப்போதும்போல் நடந்தது. நர்ஸ்கள் எண்ணைத் தட்டினார்கள், திரையைப் பார்த்தார்கள், அடுத்தவரைக் கூப்பிட்டார்கள். மறுநாளும் போனேன். ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. தண்ணீர் குடிக்கப் போவேன், அறிவிப்புப் பலகையைப் படிப்பேன், திரும்ப வந்து வேறு நாற்காலியில் உட்காருவேன். காவலாளி இரண்டாம் நாள் யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். உறவினர் உள்ளே இருக்கிறார் என்றேன்.

இடையில் ஒரு ஞாயிறு வந்தது. பதினான்காவது. நானாகவே அவனிடம் கேட்டேன். "எல்லாம் சரியா ஓடுதா?"

"ஜம்முனு ஓடுது அத்தான்."

மருத்துவமனையில் அப்போது ஆறு நாளாக எந்த நோயாளிக்கும் எந்த மருந்தும் ஆகாததாக இல்லை. நான் குழம்பை அவன் பக்கம் நகர்த்தினேன்.

பதினோராம் நாள், வெள்ளிக்கிழமை. நீச்சல் சொல்லிக்கொடுக்கும் பெண், முப்பத்து நான்கு வயது. பாதத்தில் கண்ணாடி கிழித்துவிட்டது. அன்றும் நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன், பார்த்தேன். ஒரு செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நொண்டியபடி என்னைக் கடந்து போனாள். வழியில் நீட்டியிருந்த காலை மடக்கிக்கொண்டேன். "தேங்க்ஸ் சார்," என்றாள். உள்ளே நடந்தது நர்ஸின் வாக்குமூலத்தில் இருக்கிறது, நீங்களே காட்டினீர்கள். ஏதாவது மருந்து ஒத்துக்காதா என்று நர்ஸ் கேட்டிருக்கிறார். "அதெல்லாம் ரெண்டு வருஷம் முன்னாடியே சொல்லியிருக்கேனே, உங்க கம்ப்யூட்டர்ல இருக்கும் பாருங்க," என்றிருக்கிறாள். நர்ஸ் பார்த்திருக்கிறார். "ஒண்ணும் இல்லைம்மா," என்று ஊசியைப் போட்டிருக்கிறார். இருபத்தைந்து நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. அவள் சொன்னது உண்மைதான், கம்ப்யூட்டரில் இருந்தது.

அவளை நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது. கல்நெஞ்சக்காரன் என்று நினைக்காதீர்கள். அந்தச் செருப்பு என்ன ஆயிற்று என்று இரண்டு மூன்று முறை யோசித்தேன்.

இனி அந்த விளக்கத்தில் விடுபட்ட ஒன்று. தொழில்நுட்பமாகக் கேட்டீர்கள், ஆகவே சொல்கிறேன். ஒரு சொல்லை முழுவதும் ஒதுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பாதி ஒதுக்கலாம். அது எந்த இடத்தில் வருகிறது என்று மொழி பார்த்துக்கொள்ளும். கட்டளையின் இடத்தில் வந்தால் கட்டளை, பெயரின் இடத்தில் வந்தால் பெயர். எங்கள் மொழியில் அப்படி நாற்பத்தாறு சொற்கள் இருக்கின்றன. விலக்கையும் அப்படிச் செய்ய இலக்கணத்தில் மூன்று வரி சேர்த்தால் போதும். அந்த மூன்று வரியை நான் எழுதினேன். மைத்துனனுடைய கேள்வியையே, அவன் அதோடு கொடுத்திருந்த மாதிரித் திரையில் ஓட்டிச் சோதித்துப் பார்த்தேன். ஆகாத மருந்துகள் சிவப்பில் ஒழுங்காக வந்தன. அப்புறம் அந்த மூன்று வரியையும் அழித்துவிட்டு, அதே கேள்வியை மறுபடி ஓட்டிப் பார்த்தேன். கட்டம் வெறுமையாக வந்தது. அப்படியே சேமித்தேன். இது அந்தக் கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு நடந்தது. பழைய பிரதிகளில் தேடினால் நாளும் மணியும் கிடைக்கும்.

ஏன் இப்போது சொல்கிறேன் என்று கேட்பீர்கள். போன ஞாயிறு அவன் வந்தான். சாப்பிடவில்லை. அவனை வேலையிலிருந்து நிறுத்தி ஆறு வாரம் ஆகிறது, முகமெல்லாம் ஒட்டிப்போயிருந்தது. சிறை வரைக்கும் போகலாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறாராம். என் மனைவி என் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, நீங்க சொன்னா கேப்பாங்க. தம்பி மேல தப்பில்லைன்னு எழுதிக் குடுங்களேன்."

நான் எதிர்பார்த்திருந்த ஞாயிறு அதுதான். வாயைத் திறந்தேன். அதற்குள் அவன் பேசிவிட்டான்.

"வேண்டாம்க்கா. அத்தானைப் பொய் சொல்ல வைக்காதே. அவர் அப்பவே சொன்னார், மாத்திடுன்னு. நான்தான் கேக்கலை. அவர் மொழியில ஒரு தப்பும் இல்லை. குறிப்புல தெளிவா போட்டிருக்காங்க, படிக்காதது என் தப்பு. வெத்துக் கட்டத்தை வச்சதும் நான்தான். அந்தப் பொண்ணு என்னாலதான் போச்சு."

சொல்லிவிட்டு அழுதான். என் மனைவி அவன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். என் மகள் அவன் முதுகைத் தடவிக்கொடுத்தாள். மூன்று பேரும் அப்படியே வெகுநேரம் இருந்தார்கள். நான் எதிரே உட்கார்ந்திருந்தேன். காலை ஆட்டினேன், மேசையும் ஆடியது. யாரும் என்னை எதுவும் சொல்லவில்லை.

இன்று காலை வீட்டிலிருந்து கிளம்பும்போது, உன் தம்பியைக் காப்பாற்றத்தான் போகிறேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு வந்தேன். அதுதான் காரணம் என்று நானும் நினைத்திருந்தேன். பிறகு நீங்கள் அவனுடைய வாக்குமூலத்தைக் காட்டினீர்கள். ஆறு பக்கம். என் தவறு, என் தவறு என்று பக்கத்துக்குப் பக்கம் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறான். நீங்கள் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்ததைப் பார்த்தேன். உங்களுக்கும் அவனைப் பிடித்துவிட்டது. இரண்டு முறை தேடிப் பார்த்தேன். அந்த ஆறு பக்கத்தில் நான் ஓரிடத்தில்தான் வருகிறேன், முன்பே எச்சரித்த நல்ல உறவினராக.

நாற்பத்தோராயிரம் கேள்விகளில் ஒன்றைக் குறிபார்த்து ஒரு சொல்லைத் தேர்ந்தவன் நான். நான்கு பக்கம் வாதாடி மற்ற நான்கு பேரையும் ஒப்புக்கொள்ள வைத்தவன் நான். அந்த வெற்றுக் கட்டத்தை வரவைத்தது என் சொல். என் வீட்டில் இருந்த சிரிப்பு, என் மனைவியின் மடி, என் மகளின் கை எல்லாவற்றையும் அவன் வாங்கிக்கொண்டான், நான் ஒன்றும் சொல்லவில்லை. இதையும் அவனுக்கு விட்டுக்கொடுக்க முடியாது.